மூன்று குரல்களுக்கு ஒரு திருப்பலி

(பங்கின் ஜூபிலி விழாவையொட்டிப் பாடகர் குழுவினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டு என்றாலே நாம் கணக்கெடுத்துப் பார்க்கிற ஆண்டு. கோவிலுக்கு அடிக்கல் நாட்டிய குருவின் பெயர் கல்லில் இருக்கிறது. மணி வாங்கிக் கொடுத்தவர் பெயர் மணியிலேயே வார்க்கப்பட்டிருக்கிறது. பீடம், சுரூபம், தேர் ஒவ்வொன்றுக்கும் ஓர் உபகாரியின் பெயர் உண்டு. ஆனால் இத்தனை ஆண்டுகளாக இந்தக் கோவிலில் பாடியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. பாட்டு, பாடிய மறுகணமே காற்றோடு கலந்துவிடுகிறது. ஆகவே பாடகர்களுக்கென ஒதுக்கப்பட்ட இந்த மாலைப் பொழுதில், பாட்டையே தம் விசுவாசத்தின் அறிக்கையாக வைத்து வாழ்ந்த ஒரு மனிதரைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தம் என்று எண்ணினோம்.

அவர் குருவல்ல, துறவியல்ல. திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கவுமில்லை. அவர் மனைவி மக்களோடு குடும்பம் நடத்திய ஓர் ஆர்கன் வாத்தியக்காரர். பெயர் வில்லியம் பேர்ட். இங்கிலாந்து தேசத்தவர். ஏறத்தாழ 1540ல் பிறந்து 1623ல் இறந்தவர். அந்நாட்டின் தலைசிறந்த இசைப் புலவர்களில் ஒருவர் என்று எல்லாச் சபையாரும் ஒருமுகமாய் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அவருடைய மேதையைப் புகழ்வதற்காக மட்டும் நாம் இங்கே கூடவில்லை. நூற்றுக்கணக்கானோர் பாடக்கூடிய பேரரங்குகள் தம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, மறைவான ஒரு வீட்டில் மூன்று பேர் பாடுவதற்கென்று அவர் ஒரு திருப்பலி இசையை எழுதினாரே, அது ஏன் என்பதே இன்றைய கேள்வி.

முதலில் அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைவுக்குக் கொண்டு வருவோம்.

1534ல் எட்டாம் ஹென்றி மன்னன் பாப்பரசரோடு உறவை முறித்துக்கொண்டு, இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவன் என்று சட்டம் இயற்றினான். அவன் மகன் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், 1549ல், இலத்தீன் திருப்பலி நீக்கப்பட்டு, ஆங்கில ஜெப நூல் ஒன்று கட்டாயமாக்கப்பட்டது. 1553ல் மேரி அரசி வந்தாள். திருப்பலி மீண்டும் வந்தது. 1558ல் எலிசபெத் அரசி வந்தாள். மறு ஆண்டே திருப்பலி மறுபடியும் சட்ட விரோதமாயிற்று. ஆக, பேர்ட் பிறந்து இருபது வயது நிரம்புவதற்குள், அவர் நாட்டின் வழிபாடு திரும்பத் திரும்ப மாறியது. அவருடைய ஆசிரியராக இருந்தவர் என்று கருதப்படும் தாமஸ் டாலிஸ், ஹென்றி, எட்வர்ட், மேரி, எலிசபெத் ஆகிய நால்வருக்கும் அரண்மனை ஆலயத்தில் பணிசெய்தவர். ஒரு நாள் இலத்தீன், மறுநாள் ஆங்கிலம் என்று எழுதி எழுதிப் பழகிய கை அது.

பேர்ட் தம் முதல் பெரிய வேலையில் அமர்ந்தது 1563ல். லிங்கன் நகரப் பேராலயத்தில் ஆர்கன் வாசிக்கவும், பாடற் சிறுவர்களைப் பயிற்றுவிக்கவும் நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று இருக்கலாம். 1568ல் ஜூலியானா என்ற பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டே பேராலய நிர்வாகிகளோடு ஏதோ தகராறு. அவருடைய சம்பளத்தை நிறுத்திவைத்தார்கள். பின்னர் கொடுத்தார்கள் என்றாலும், 1570ல் ஆர்கன் வாசிப்புக்குக் கடிவாளம் போட்டார்கள். பாடகர்களுக்குத் தொடக்கச் சுருதியைக் காட்டுவதற்கும், குறிப்பிட்ட கீதத்தோடு துணைக்கு வாசிப்பதற்கும் மட்டுமே ஆர்கன் பயன்பட வேண்டும் என்பது உத்தரவு. கோவிலில் இசை மிகுந்தால் பக்தி குறையும் என்று எண்ணிய தூய்மைவாதிகளின் கை அக்காலத்தில் ஓங்கியிருந்தது. அதே நிர்வாகிகள்தாம், பேர்ட் லிங்கனை விட்டுப் போனபின், தங்களுக்குத் தொடர்ந்து பாடல்கள் எழுதி அனுப்பும்படி அவருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுத்து வந்தார்கள்!

அவர் போனது இலண்டன் மாநகருக்கு. அரசியின் அரண்மனை ஆலயப் பாடகரான ராபர்ட் பார்சன்ஸ் என்பவர் டிரென்ட் நதியில் மூழ்கி இறந்தார். அந்த இடத்துக்குப் பேர்ட் அழைக்கப்பட்டார். 1572 முதல் இலண்டனிலேயே தங்கி, தம் ஆசான் டாலிசோடு சேர்ந்து அங்கே ஆர்கன் வாசித்தார். நாட்டின் மிகச் சிறந்த குரல்கள் எல்லாம் ஒரே கூரையின்கீழ்த் திரட்டப்பட்ட இடம் அது. 1575ல் எலிசபெத் அரசி இவ்விருவருக்கும் ஒரு பெரிய சலுகை அளித்தாள். இசை நூல்களை அச்சிடவும், இசை எழுதுவதற்கான கோடிட்ட தாள்களை விற்கவும் 21 ஆண்டுகளுக்கு அவர்களுக்கே தனி உரிமை. நன்றிக் காணிக்கையாக அதே ஆண்டு ஆளுக்கு 17 ஆக 34 இலத்தீன் கீதங்களை அச்சிட்டு அரசிக்கு அர்ப்பணம் செய்தார்கள். அது அரசியின் ஆட்சியின் 17ம் ஆண்டு. நூல் விலைபோகவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1577ல், இருவரும் நஷ்டத்தை எடுத்துச்சொல்லி அரசியிடமே உதவி கேட்டு மனுப்போட வேண்டியதாயிற்று.

அதே 1577ல்தான் இன்னொரு பதிவேட்டிலும் பேர்ட் குடும்பத்தின் பெயர் முதன்முதலாக ஏறுகிறது. அது கோவிலுக்கு வராதோர் பட்டியல். ஜூலியானா பேர்ட், அரசாங்கச் சபையின் வழிபாட்டுக்கு வருவதில்லை என்று அதில் எழுதப்பட்டிருந்தது. குடும்பத்தின் விசுவாச அறிக்கை முதலில் மனைவியின் பெயரிலேயே பதிவாகி இருக்கிறது என்பதை நம் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். சில ஆண்டுகளில் கணவர் பெயரும் அப்பட்டியலில் சேர்ந்தது.

இதன் பொருள் என்ன? 1559ம் ஆண்டுச் சட்டப்படி, ஞாயிறு அல்லது திருநாளன்று அரசாங்கச் சபைக் கோவிலுக்கு வராதவருக்குத் தடவைக்கு 12 பென்ஸ் அபராதம். 1570ல் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் எலிசபெத்தைத் திருச்சபையிலிருந்து விலக்கியதற்குப் பின் நிலைமை கடுமையாயிற்று. 1581ல் அபராதம் மாதத்துக்கு 20 பவுன் ஆக்கப்பட்டது. சாதாரணத் தொழிலாளி ஓராண்டு முழுவதும் உழைத்தாலும் ஈட்ட முடியாத தொகை அது. திருப்பலி காண்பவருக்கு ஓராண்டுச் சிறை. 1585ல் வந்த சட்டமோ, வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்றுத் திரும்பிய குருவை இராஜத் துரோகி என்றது. அவருக்கு ஒரு வேளை சோறு போட்டு ஒரு இரவு தங்க இடம் கொடுத்தவருக்கும் மரண தண்டனை என்றது. நம் முன்னோர் வேதகலாபனை என்று சொன்னார்களே, அதுதான்.

1581 டிசம்பர் முதல் நாள் இலண்டனில் சேசு சபைக் குரு எட்மண்ட் கேம்பியன் தூக்கு மேடையில் கொல்லப்பட்டார். பிற்காலத்தில், 1970ல், பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் புனிதர் பட்டம் அளித்த இங்கிலாந்து நாட்டு வேதசாட்சிகளில் அவரும் ஒருவர். அந்த மரணத்தைக் கண்டு கலங்கிய ஹென்றி வால்போல் என்ற இளைஞர் ஒரு நீண்ட இரங்கற் கவிதை எழுதினார். அதை வெளியிட்ட குற்றத்துக்காக ஒருவருடைய காதுகள் அறுக்கப்பட்டன. கவிதை எழுதிய வால்போல் பின்னர்த் தாமே சேசு சபையில் சேர்ந்து, 1595ல் வேதசாட்சியாக மரித்தார். இந்தக் கவிதைக்குத்தான் பேர்ட் இசை அமைத்தார்! அரசியின் சம்பளம் வாங்கும் பாடகர், அரசு கொன்ற குருவுக்கு இரங்கற்பா பாடினார். 1588ல் அதை அச்சிட்டபோது, ஆபத்தில்லாத முதல் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றிற்குப் பதிலாக வேறு வரிகளைச் சேர்த்தார். ஆனால் அந்த முதல் வரிகளைக் கேட்டதுமே, கேட்டவர்களுக்கு எல்லாம் தெரியும்.

மற்றோர் நிகழ்ச்சியும் உருக்கமானது. ஜெர்மானியப் பேரரசரின் ஆலய இசைத் தலைவராயிருந்த பிலிப் தெ மோந்தே என்பவர் 1583ல் பேர்டுக்கு ஒரு கீதம் எழுதி அனுப்பினார். பாபிலோன் நதியோரத்தில் அமர்ந்து சீயோனை நினைத்து அழுத மக்களின் சங்கீதம் அது. அந்நிய நாட்டில் ஆண்டவரின் பாடலை எப்படிப் பாடுவோம் என்று அச்சங்கீதம் கேட்கிறதல்லவா? அந்தக் கேள்வியையே பேர்ட் தம் பதிலாக எடுத்துக்கொண்டு, 1584ல் எட்டுக் குரல்களுக்கு ஒரு கீதம் அமைத்துத் திருப்பி அனுப்பினார். சொந்த மண்ணிலேயே அந்நியராய் வாழ்ந்தவரின் மறுமொழி அது. அக்காலத்தில் அவர் இசையமைக்கத் தெரிந்தெடுத்த வேதாகம வசனங்களைப் பார்த்தாலே மனம் புரியும். பாழாய்க் கிடக்கும் எருசலேம், சிறைப்பட்ட மக்கள், கடவுளின் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய அந்நியர், ஆண்டவரே இன்னும் தாமதமேன் என்ற அழைப்பு இவைதாம். வேதாகமத்தைப் பாடுவது குற்றமில்லை. ஆனால் எந்த எருசலேமைப் பற்றிப் பாடுகிறார் என்பதைக் கத்தோலிக்கர் அறிந்திருந்தனர்.

1586ம் ஆண்டு ஜூலை மாதம், ஹென்றி கார்னெட், ராபர்ட் சௌத்வெல் என்ற இரு இளம் சேசு சபைக் குருக்கள் இரகசியமாக இங்கிலாந்துக் கரையில் இறங்கினார்கள். அவர்களை வரவேற்க ரிச்சர்ட் போல்டு என்ற கத்தோலிக்கக் கனவானின் கிராம வீட்டில் சிலர் கூடினார்கள். அங்கிருந்த வில்லியம் வெஸ்டன் என்ற குரு பின்னாளில் அந்த நாட்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். வீட்டில் ஓர் ஆர்கன் இருந்ததாம்; வேறு வாத்தியங்களும், ஆணும் பெண்ணுமாய்ப் பாடகர்களும் இருந்தார்களாம். பெரிய திருநாளின் கொண்டாட்டம்போல் பாடற் பூசைகள் நடந்தனவாம். வந்திருந்தவர்களில் பேர்டும் ஒருவர். அன்று அங்கே கூடிய குருக்களில் வெஸ்டன் சில வாரங்களில் பிடிபட்டார். சௌத்வெல் 1595லும், கார்னெட் 1606லும் கொல்லப்பட்டனர். அந்த வீட்டில் ஒலித்த ஒவ்வொரு சுரத்தின் விலையும் அங்கிருந்த அனைவருக்கும் தெரிந்தே இருந்தது.

அப்படியானால் பேர்ட் மட்டும் எப்படித் தப்பினார் என்று நீங்கள் கேட்கலாம். அபராதம், பிணைப் பணம், வழக்கு ஆகியவற்றிலிருந்து அவர் தப்பவில்லை. உயிரும் வேலையும் தப்பின. அரசிக்கு இசையில் மிகுந்த பிரியம். செல்வாக்குள்ள பிரபுக்கள் சிலரும் அவருக்கு நண்பர்கள். இதைவிட முக்கியமான மற்றொன்றும் உண்டு. அவர் நாட்டுக்கோ அரசிக்கோ துரோகம் நினைத்தவரல்லர். அரண்மனை ஆலயத்துக்காக அவர் எழுதிய ஆங்கிலக் கீதங்கள் ஏனோதானோவென்று எழுதப்பட்டவையல்ல. அரசியின் நலத்துக்காக மன்றாடும் கீதம் ஒன்றும் அவர் எழுதினார். செசாருக்குரியதைச் செசாருக்கும், கடவுளுக்குரியதைக் கடவுளுக்கும் கொடுப்பது என்பதைக் கணக்குப் பிசகாமல் செய்து பார்த்த மனிதர் அவர் எனலாம்.

1585ல் ஆசான் டாலிஸ் இறந்தார். 1593 அளவில் பேர்ட் இலண்டன் பக்கத்தை விட்டு, எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் ஸ்டான்டன் மாஸி என்ற சிற்றூரில் குடியேறினார். பக்கத்திலேயே இங்கேட்ஸ்டன் மாளிகை. அங்கே வாழ்ந்த ஜான் பீட்டர் பிரபுவின் குடும்பம் கத்தோலிக்கப் பற்றுடையது. குருக்களை ஒளித்து வைப்பதற்கான மறைவறைகள் அம்மாளிகையில் இன்றும் காணக்கிடைக்கின்றன. அரண்மனை ஆலயத்தின் பேரிசையைக் கேட்டுப் பழகிய காது, இப்போது அந்த மாளிகையின் ஓர் அறையில் கதவடைத்துக்கொண்டு நடக்கும் திருப்பலியைக் கேட்டது.

இங்கேதான் நாம் தொடக்கத்தில் சொன்ன அதிசயம் நடந்தது. 1592க்கும் 1595க்கும் இடையில் பேர்ட் மூன்று திருப்பலிகளுக்கு இசை எழுதி அச்சிட்டார். ஒன்று நான்கு குரல்களுக்கு, ஒன்று மூன்று குரல்களுக்கு, ஒன்று ஐந்து குரல்களுக்கு. கீரியே, குளோரியா, கிரேதோ, சாங்துஸ், ஆக்னுஸ் தேயி என்று நம் பெரியவர்கள் இலத்தீனில் பாடிப் பழகியிருந்த அதே பகுதிகள்தாம். இங்கிலாந்தில் திருப்பலிக்கு இசை எழுதுவதென்பதே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நின்று போயிருந்தது. அந்நூல்களில் தலைப்புப் பக்கம் இல்லை. ஆண்டு இல்லை. அச்சகத்தின் பெயர் இல்லை. அச்செழுத்துகளையும் தாளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிற்கால ஆராய்ச்சியாளர்கள்தாம் தாமஸ் ஈஸ்ட் என்ற இலண்டன் அச்சுக்காரரின் வேலை இது என்றும், இன்ன ஆண்டில் அச்சானது என்றும் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஒன்றை மட்டும் மறைக்கவில்லை. பக்கங்களின் மேலே பேர்டின் பெயர் இருக்கிறது! அச்சுக்காரரைக் காத்துவிட்டு, ஆபத்தைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார்.

அந்த இசையின் அமைப்பைப் பற்றி நம் பாடகர்களுக்குச் சில வார்த்தைகள். நாம் வழக்கமாக எல்லாரும் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடுகிறோம். பேர்டின் காலத்து இசையிலோ, ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி மெட்டு உண்டு. ஒருவர் தொடங்குவார். சற்றுப் பொறுத்து அடுத்தவர் அதே சொல்லை வேறொரு சுர நிலையில் எடுப்பார். மூன்றாமவர் நுழைவார். ஒன்றை ஒன்று துரத்தியும் தழுவியும் சென்று, முடிவில் எல்லாம் ஓரிடத்தில் வந்து அடங்கும். ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனிச் சிறு புத்தகம். மேலங்கிக்குள் மறைத்து எடுத்துச் செல்லலாம். ஒரு குரலுக்கு ஓர் ஆள் போதும். வீட்டுக்காரர், அவர் மகள், ஒரு வேலையாள் என்று மூன்று பேர் இருந்தால் பாடற் பூசை நடத்திவிடலாம்.

பேர்டின் ஆசான் டாலிஸ் 40 குரல்களுக்கு ஒரு கீதம் எழுதியவர். இசை உலகம் இன்றும் அதை வியந்து பேசுகிறது. அப்பேர்ப்பட்டவரோடு ஒரே ஆர்கன் மேடையில் அமர்ந்த பேர்டுக்குப் பிரமாண்டமாக எழுதத் தெரியாதா? தெரியும். எழுதியும் இருக்கிறார். ஆனால் தம் மக்களுக்கு என்ன தேவை என்று பார்த்தார். நாற்பது பேர் கூடினால் அடுத்த தெருவுக்குக் கேட்டுவிடும், உளவாளி வந்துவிடுவான். ஆகவே மூன்று பேருக்கு எழுதினார். நான்கு குரல் திருப்பலியின் ஆக்னுஸ் தேயி பகுதி இரண்டே குரல்களில் தொடங்குகிறது. கடைசியில் நான்கும் சேர்ந்து, சமாதானம் தாரும் என்று மன்றாடும் இடத்தில் சுரங்கள் ஒன்றோடொன்று உரசி, வலித்து, மெல்ல மெல்ல இளகி அமைதியடைகின்றன. சமாதானம் இல்லாத வீட்டில் நின்றுகொண்டு சமாதானத்தைக் கேட்டவர்களின் மன்றாட்டு அது. அதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

இதோடு அவர் நிற்கவில்லை. திருப்பலியின் மாறாத பகுதிகளுக்கு இசை அமைத்தாயிற்று. ஆண்டு முழுவதும் திருநாளுக்குத் திருநாள் மாறும் பகுதிகளுக்கு என்ன செய்வது? அறுபத்தைந்து வயதில் அதையும் முடித்தார். 1605லும் 1607லும் இரண்டு பாகங்களாக, மொத்தம் 109 கீதங்கள். நூலின் பெயர் கிராதுவாலியா. தேவமாதாவின் திருநாட்கள், சகல புனிதர் திருநாள், நற்கருணைத் திருநாள், கர்த்தர் பிறந்த திருநாள், உயிர்ப்பு, பரிசுத்த ஆவியின் திருநாள், புனித இராயப்பர் சின்னப்பர் திருநாள் எல்லாம் அதில் உண்டு. இன்று உலகெங்கும் பாடப்படும் அவருடைய ஆவே வேரும் என்ற நற்கருணைக் கீதம் முதல் பாகத்தில் இருப்பதுதான். அதன் முன்னுரையில் அவர் தம் அனுபவம் ஒன்றைச் சொல்கிறார். கடவுளுடைய வார்த்தைகளை ஆழ்ந்து தியானிக்கிறவனுக்கு, அவற்றிற்கேற்ற இசை, எப்படி என்று தெரியாமலே, தானாக வந்து சேருகிறதாம்.

ஆனால் முதல் பாகம் வெளிவந்த 1605ம் ஆண்டு நவம்பர் 5ம் நாள், பாராளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கச் சிலர் செய்த சதி வெளிப்பட்டது. சதிகாரர்கள் கத்தோலிக்கர். நாடெங்கும் கத்தோலிக்கர் மீது கோபம் மூண்டது. சார்ல்ஸ் தெ லின்யி என்ற பிரஞ்சுக்காரர், பேர்டின் இந்த இசை நூலை வைத்திருந்ததற்காகப் பிடிபட்டு நியூகேட் சிறையில் அடைபட்டார். ஒரு பாட்டுப் புத்தகம் வைத்திருந்ததற்குச் சிறை! நூல் விற்பனையிலிருந்து பின்வாங்கப்பட்டதாகத் தெரிகிறது. வேறொருவராயிருந்தால் அத்தோடு பேனாவை மூடியிருப்பார். பேர்டோ 1607ல் இரண்டாம் பாகத்தை வெளியிட்டு, அதைப் பீட்டர் பிரபுவுக்கு அர்ப்பணம் செய்தார். இந்தக் கீதங்கள் உம் வீட்டில் விளைந்தவையே, ஆகவே உமக்குச் சேரவேண்டியவையே என்ற கருத்தில் அர்ப்பண உரை எழுதினார். 1610ல் இரண்டு பாகங்களும் மீண்டும் வெளிவந்தன.

அன்பர்களே, அவரை நாம் பீடத்தில் ஏற்றி வைக்க வரவில்லை. குறைகளும் அவருக்கு உண்டு. வழக்காடுவதில் சளைக்காதவர். ஸ்டான்டனில் அவர் குடியிருந்த பண்ணையே, வேறொரு கத்தோலிக்கக் குடும்பத்திடமிருந்து அரசு பறிமுதல் செய்து அவருக்குக் குத்தகைக்கு விட்டது. அக்குடும்பத்து விதவை அதைத் திரும்பக் கேட்டு ஆண்டுக்கணக்கில் வழக்காடினார், பேர்ட் விட்டுக்கொடுக்கவில்லை. அம்மையார் இறந்தபின், 1610ல் அதை விலைக்கே வாங்கிக்கொண்டார். விசுவாசத்துக்காக அபராதம் கட்டிய அதே கை, அதே விசுவாசத்தைச் சேர்ந்த சகோதரியின் நிலத்தையும் இறுகப் பற்றியிருந்தது. நம்மைப் போன்ற ஒரு மனிதர்தாம் அவர் என்பதை இது காட்டுகிறது. நம்மைப் போன்ற ஒருவர் செய்ததை நாம் செய்ய முடியாது என்று சொல்ல வழியில்லை அல்லவா?

1622 நவம்பரில் பேர்ட் தம் மரண சாசனத்தை எழுதினார். கத்தோலிக்கத் திருச்சபையின் உண்மையான அங்கத்தினனாக வாழ்ந்து மரிக்க வேண்டும் என்று அதில் மன்றாடினார். ஸ்டான்டனில் தம் மனைவியின் அருகே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். 1623 ஜூலை 4ம் நாள் காலமானார். அரண்மனை ஆலயப் பதிவேட்டில், அவர் மரணத்தைக் குறித்தவர்கள் அவரை இசையின் தந்தை என்று குறித்தார்கள். அவர் விசுவாசத்தை ஏற்காதவர்கள் அளித்த சாட்சி இது. கல்லறை இன்ன இடம் என்று காட்ட அடையாளம் எதுவும் இல்லை. நாம் தொடக்கத்தில் சொன்னபடியே, பாடகனுக்குக் கல் இல்லை.

அவருடைய திருப்பலி இசையும் வெகுகாலம் மௌனமாய்க் கிடந்தது. 1829ல்தான் இங்கிலாந்துக் கத்தோலிக்கருக்குக் குடியுரிமைகள் பெரும்பாலும் திரும்பக் கிடைத்தன. பின்னர் இலண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் கத்தோலிக்கப் பேராலயம் எழுந்தபோது, 1901 முதல் 1924 வரை அதன் இசைத் தலைவராயிருந்த ரிச்சர்ட் டெர்ரி என்பவர் இந்தப் பழைய ஏடுகளை எடுத்துத் திருவழிபாட்டில் பாட வைத்தார். மறைவறையில் மூவர் பாடியது பேராலயத்தில் ஒலித்தது. இன்னொரு புதுமையும் நடந்திருக்கிறது. அன்று இத்திருப்பலிகளைத் தடை செய்த ஆங்கிலிக்கன் சபையின் பேராலயங்களிலேயே இன்று அவை இலத்தீனில் பாடப்படுகின்றன. 2023ல் அவருடைய நானூறாம் ஆண்டு நினைவை இரு சபையாரும் கொண்டாடினார்கள். சட்டத்தால் பிரிந்தவர்களைப் பாட்டு ஓரளவாவது ஒன்றாக உட்கார வைத்திருக்கிறது.

இனி நம் பங்குக்கு வருவோம். இதை இங்கே பேசக் காரணம் உண்டு.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ல் திருவழிபாட்டைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், திருச்சபையின் இசைச் செல்வத்தைக் காத்துப் பேணச் சொன்னது. அதே மூச்சில், மக்கள் அனைவரும் வழிபாட்டில் பங்கெடுத்துப் பாடவேண்டும் என்றும் சொன்னது. இலத்தீனிலும் எழுதி, தாய்மொழியிலும் எழுதிய பேர்டுக்கு இரண்டும் முரணாகத் தோன்றியிருக்காது. நமக்கும் தோன்ற வேண்டியதில்லை.

திருவிழா நாளில் நம் பாடகர் குழுவுக்கு ஆள் பஞ்சமில்லை. ஒலிபெருக்கி உண்டு, கீபோர்டு உண்டு, மேடை கொள்ளாத கூட்டம் உண்டு. ஆனால் மழை நாளில், வேலை நாளின் காலைத் திருப்பலியில், இரண்டு மூன்று பேர் மட்டும் வந்து நிற்கும்போது, இன்று பாட்டு வேண்டாம், ஆள் இல்லை என்று சொல்லிவிடுகிறோம். மூன்று பேர் என்பது ஆள் இல்லாமை அன்று. மூன்று பேருக்காக ஒரு மேதை தம் முழுத் திறமையையும் கொட்டி ஒரு திருப்பலி எழுதினார் என்பதை அப்போது நினைத்துக்கொள்வோம். பெரிய கூட்டத்துக்கு எழுதும்போது செய்த உழைப்பில் ஓர் அணுவும் அவர் குறைக்கவில்லை.

இரண்டாவது, பாடும் சொற்களைத் தியானிப்பது. மெட்டுப் பழகுவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிற நாம், அந்தச் சொற்களை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பொருள் உணர ஐந்து நிமிடம் ஒதுக்குவோமானால் நம் பாட்டே மாறிவிடும்.

மூன்றாவது, வீட்டில் பாடுவது. கோவிலில் பாட முடியாத காலத்தில் இங்கிலாந்தின் விசுவாசத்தை வீடுகளே காத்தன. மாலையில் ஜெபமாலை சொல்லும் வீடுகளில் முடிவில் ஒரு பாட்டாவது குடும்பமாய்ச் சேர்ந்து பாடும் வழக்கம் இந்த ஜூபிலி ஆண்டில் மீண்டும் தளிர்க்கட்டும். பிள்ளைகள் அங்கேதான் குரலெடுக்கப் பழகுகிறார்கள். நாளைய பாடகர் குழு அங்கேதான் உருவாகிறது.

நம் கோவிலின் கதவுகள் திறந்திருக்கின்றன. நாம் பாடினால் தெருவெங்கும் கேட்கும். அதற்காக யாரும் நம்மைப் பிடித்துச் செல்லமாட்டார்கள். கதவடைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பாடியவர்கள் இந்தச் சுதந்திரத்துக்காக எவ்வளவு ஏங்கியிருப்பார்கள்! அதை நாம் வீணாக்காதிருப்போமாக. இத்தனை ஆண்டுகளாக இங்கே பாடி, பெயர் பொறிக்கப்படாமல் சென்ற நம் பங்கின் பாடகர் அனைவருக்கும் இறைவன் நித்திய இளைப்பாற்றியை அருள்வாராக. இன்று பாடுகிறவர்களுக்குக் குரலும், நாளை பாடப்போகிறவர்களுக்கு ஆர்வமும் தருவாராக.